மூன்று மில்லிமீட்டர் தகராறு

பட்டறையில் அவளைச் ‘சக்கரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டவள் என்று யாரோ கேலி செய்யப்போய் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. இயந்திரம் எஃகைக் குடையும் நேரத்தில் மற்றவர்கள் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அவள் மட்டும் அதன் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருப்பாள்.

பிளாஸ்டிக் சாமான்களுக்கு எஃகில் அச்சு செய்வது அவள் தொழில். பக்கெட் மூடியில் ஆரம்பித்து, ஹெல்மெட், மிக்சி என்று ஏறி வந்தவளுக்கு அந்த வருஷம் பெரிய வேலை ஒன்று வாய்த்தது. டிவியில் மாட்டி விளையாடும் கேம் கன்சோல். இன்னும் உலகத்துக்கே காட்டாதது. அதன் மேல்கூட்டுக்கு அச்சு. கட்டிய புருஷனிடம்கூட மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வரைபடத்தையே கண்ணில் காட்டினார்கள்.

ரகசியம் அவளைப் படுத்தவில்லை. ‘இறுதி’ என்ற சொல்தான் படுத்தியது. ‘இறுதி அளவுகள்’ என்று ஒரு வரைபடம் வரும். எஃகை ஏற்றி வெட்டத் தொடங்குவாள். பின்னாலேயே ‘திருத்திய இறுதி’ வந்து நிற்கும்.

“மனுஷனுக்கு இறுதி ஒரு தடவைதான் வரும். இந்தப் பெட்டிக்கு வாரா வாரம் வருதே!” என்று மேலாளரிடம் சீறுவாள். “இரும்பு என்ன தலைமுடியா சார், வெட்டினா திரும்ப வளர?”

வீட்டில் வேறொரு குடைச்சல். அவள் கணவன் ஃபேன் தயாரிக்கும் கம்பெனியில் பொறியாளன். சில மாதங்களாகப் போன் வந்தால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மாமியாருக்குப் பாம்புக் காது.

“உன் புருஷன் யார்கிட்டயோ கெஞ்சறான்டி. ‘கொஞ்சம் இடம் கொடுங்க, கொஞ்சம் இடம் கொடுங்க’ங்கறான். யாருடி அவ, இடம் கொடுக்க மாட்டேங்கறவ?”

“ஆபீஸ் விஷயமா இருக்கும் அத்தை” என்றாள். வாய்தான் சொன்னது. அன்று முழுக்க மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். கணவனிடம் கேட்டதற்கு, “சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன்” என்றான். அவளும் கையெழுத்துப் போட்டவள்தானே? எந்த வாயால் சண்டை பிடிப்பது?

அச்சு முடியும் தறுவாயில், கூட்டின் உயரத்தை மூன்று மில்லிமீட்டர் கூட்ட முடியுமா என்று கேள்வி வந்தது. அவளுக்குத் தலை சுற்றியது. உயரம் கூட்டினால், கூட்டின் உட்புறத்துக்கு வடிவம் கொடுக்கும் எஃகு உள்கட்டையும் உயர வேண்டும். குடைவதற்கு வழி உண்டு, வளர்ப்பதற்கு ஏது? கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியதுதான். “கூட்டம் போட்டிருக்காங்க. நீயே வந்து முடியாதுன்னு சொல்லிடு” என்றார் மேலாளர்.

அன்று மாலை கணவன் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தான்.

“என்ன விசேஷம்?”

“கேட்டது கிடைச்சிரும் போல. அச்சுக்காரங்க மட்டும் ஒத்துக்கணும்” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, “இத்தனூண்டு இடம், அவ்வளவுதான்” என்று கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் காட்டினான்.

அவள் அந்த இடுக்கைப் பார்த்தாள். மூன்று மில்லிமீட்டர்! இத்தனை நாளாக அவள் வாய்க்கு வந்தபடி சபித்த பாவி சோற்றுத் தட்டோடு எதிரே உட்கார்ந்திருந்தான்.

அவனிடம் சொல்லவும் வழியில்லை. கூட்டம் வரும்வரை சொன்ன வேலையை மறந்து, மறந்த வேலையைத் தேடி அலைந்தாள்.

கூட்டத்தில் அவளைப் பார்த்ததும் கணவன் பிடித்திருந்த பேனா கீழே விழுந்தது. ஆனால் பேச்சு என்று வந்ததும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

“சிப்போட வேகத்தைக் கூட்டிட்டாங்க மேடம். சூடு அதிகம், தடிமனான ஃபேன் வேணும். இப்ப இருக்கிற கூட்டுல வச்சா காத்துக்கு இடமில்லாம ஊளையிடும்.”

“ஊளையிடாத ஃபேனா செய்யுங்க சார். எங்க கட்டையில கை வைக்காதீங்க.”

“கேட்டுட்டுப் பேசுங்களேன்” என்று அவன் மாதிரிப் பெட்டியை ஓட்டிக் காட்டினான். அது அழுத அழுகையில் அவளுக்கே காது கூசியது. “புதுக் கட்டை செய்ய ஆறு வாரம் வேணும்” என்றாள், மேலாளர் முறைப்பதைப் பார்க்காமல்.

கன்சோல் கம்பெனி அம்மாள் சிரித்தார். “இவ்வளவு உரிமையா அடிச்சுக்கறீங்களே, முன்னாடியே பழக்கமா?”

“கல்யாணம் பண்ணிக்கிட்ட பழக்கம்” என்றாள்.

சிரிப்பு சட்டென்று நின்றது. இரண்டு கம்பெனிகளின் ரகசியம் ஒரே வீட்டில் இருக்கக் கூடாதாம். ஒருவர் விலக வேண்டும் என்றார்கள். அவள் யோசிக்கும் முன்னே அவன் எழுந்தான். “நான் விலகிக்கறேன். என் ஃபேன் முடிஞ்சாச்சு.”

பஸ்ஸில் பொரிந்து தள்ளினாள். “யாரைக் கேட்டு விலகினீங்க? தியாகியா நீங்க?”

“உன்னை வீட்ல உட்கார வச்சா வீடு தாங்காதுடி” என்றான். சிரிப்பு வந்தது, கோபம் போகவில்லை.

அவனைச் சமையலறைப் புகைபோக்கி ஃபேன் பிரிவுக்கு மாற்றினார்கள். இப்போது நடப்பது அவன் முறை. பால்கனிக்கும் வாசலுக்கும் உலாத்துவான். மேசைக்கு வந்தால், அவள் முகத்தையே பார்ப்பான். தன் ஃபேன் உள்ளே போனதா இல்லையா என்று கேட்க வாய் திறப்பான், மூடிக்கொள்வான். அவளோ கட்டையைச் செதுக்கினாள், மெருகேற்றினாள், வீட்டுக்கு வந்து வாயைத் தைத்துக்கொண்டாள்.

“ஒருத்தி பேச மாட்டா, ஒருத்தன் உட்கார மாட்டான். மனுஷன் இருக்கிற வீடா இது?” என்று மாமியார் புலம்பினார்.

ஒரு விடுமுறை நாள் மதியம் கன்சோலின் அளவுகளை உலகத்துக்கு அறிவித்தார்கள். அவன் போனைத் தள்ளித் தள்ளி உயரத்தைத் தேடிப் பிடித்தான். முகம் வாடியது.

“ரெண்டரைதான் கூடியிருக்கு. அப்ப என் ஃபேன் போகலையா?”

ஊருக்கே தெரிந்த பிறகு பேசினால் என்ன? “வெளியே ரெண்டரைக்கு மேல டிசைன்காரங்க ஒத்துக்கல. மீதி அரையை உள்கூரையோட கனத்தைக் குறைச்சு எடுத்தேன். அனுமதி வாங்கறதுக்குள்ள நாக்குத் தள்ளிருச்சு” என்றாள். “உங்க ஃபேன்தான் உள்ளே இருக்கு.”

அவன் அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டான். நெடுநேரம் விடவில்லை. பிறகு மெல்லக் கேட்டான்.

“சத்தம் வருதா?”

“எனக்கெப்படித் தெரியும்? என்கிட்ட வந்தது வெறுங்கூடு.”

அவன் எழுந்து நடக்க ஆரம்பித்தான். இரண்டு நடை பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவளும் எழுந்துகொண்டாள். கன்சோல் கடைக்கு வர இன்னும் நான்கு மாதம் இருந்தது.