துடைத்த கை

என் அக்கா பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதுகிறவள். கோடு கோணாது, அதனால் அங்கே அவளுக்கு ‘எழுத்தாணி’ என்று பட்டப்பெயர். அந்த மேசையில் ஒரு சட்டம் உண்டு: ஈரக் கையோடு கிட்டே வரக்கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் ஐசிங் இளகி வழிந்துவிடும். வேலைக்கு நடுவில் யாரும் கை கழுவுவதில்லை, ஏப்ரனில் துடைத்துக்கொள்வதோடு சரி.

அக்காவுக்கு ஏழாவது மாதத்தில் சர்க்கரை என்றார்கள். கர்ப்பத்தில் வருவது, பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் போய்விடும்; அதுவரை கண்டுகொள்ளாமல் விட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்துப் பிரசவம் சிக்கலாகும் என்றார் டாக்டர். சின்னக் கருவி ஒன்றை வாங்கி, காலையில் வெறும் வயிற்றிலும், ஒவ்வொரு வேளை சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தும் விரலைக் குத்திப் பார்க்கச் சொன்னார். அடுத்த முறை வரும்போதும் ஏறியிருந்தால் இன்சுலின்.

வீட்டில் எண்கள் சாதுவாக இருந்தன. பேக்கரியில் மதியம் குத்தினால் மட்டும் எகிறின. அக்கா மதியச் சாப்பாட்டைப் பாதியாக்கினாள். எகிறியது. கால்வாசியாக்கினாள். அப்போதும் எகிறியது. வீட்டுக்கு வந்தால் உட்காரமாட்டாள். ஜன்னல், அடுப்பு, வாசல், மறுபடி ஜன்னல்.

“உக்காரு தாயே, தரை தேஞ்சிரும்போல இருக்கு” என்பார் மாமா. அக்காவின் வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக்.

“உங்களுக்கென்ன? உங்க லிஃப்டு ஏறினா இறங்கும். இது ஏறிக்கிட்டேல்ல இருக்கு!”

டாக்டரைப் பார்க்கும் நாளன்று மதியச் சாப்பாட்டை அடியோடு விட்டுவிட்டாள். எங்களிடம் மூச்சு விடவில்லை. வியர்த்துக் கொட்டும் முகத்தோடு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், நானும் மாமாவும் காத்திருந்த கிளினிக்குக்கு வந்தாள். கடைசி கேக்கில் எழுத்து கண்முன்னே நழுவிப்போனதாம். பெஞ்சில் உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள்.

“தினமும் எப்படிக் குத்துவே? நீயே செஞ்சு காட்டு” என்றார் நர்ஸம்மா.

அக்கா விரலை ஏப்ரனில் துடைத்துக் குத்தினாள். இருநூற்றுப் பத்து. மாமாவின் முகம் தொங்கிவிட்டது.

“காலையில ரெண்டு வாய் தின்னதோட சரி, மேடம்! மதியம் தொடவே இல்லை. எப்படி ஏறும்?”

நர்ஸம்மா அந்த விரலைப் பிடித்தார். “ஏன் இப்படிப் பிசுபிசுங்குது?”

“ஐசிங்கா இருக்கும். துடைச்சுட்டேனே.”

“துடைச்சா போயிருமா? அந்தச் சர்க்கரையையும் சேர்த்துல்ல மெஷின் காட்டுது! சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா.”

கழுவி, ஈரம் போக ஒற்றி, வேறு விரல். ஐம்பத்தாறு.

நர்ஸம்மா ஓடிப்போய் ஒரு தம்ளர் பழச்சாறோடு வந்தார். “ரொம்பக் கீழ இறங்கிருச்சு. குடி.”

“ஐயோ, இனிப்பு! குழந்தைக்கு…”

“குழந்தைக்காகத்தான் சொல்றேன். அந்த முதல் நம்பரை நம்பி ஊசியும் போட்டிருந்தா இன்னும் இறங்கி மயங்கியே விழுந்திருப்பே!”

அக்கா தம்ளரையே வெறித்துப் பார்த்தாள்.

“குடி, நான் வேணா கண்ணை மூடிக்கிறேன்” என்றார் மாமா.

குடித்தாள். நான்தான் பிழிந்து கொடுத்ததுபோல என்னை முறைத்தபடியே குடித்தாள்.

டாக்டர் அக்காவின் வயிற்றில் துடிப்பைக் கேட்கும் கருவியை வைத்தார். உள்ளே படபடவென்று அந்தச் சின்ன இதயம் கேட்டது. சர்க்கரை இல்லை என்று நினைத்துவிடாதே என்றார். வேளாவேளைக்கு அளவாகச் சாப்பிடு, சாப்பிட்டதும் கொஞ்சம் நட, கழுவிய கையில் குத்து. ஊசி தேவையா என்று அந்த எண்களைப் பார்த்துச் சொல்கிறேன், பட்டினி மட்டும் கிடக்காதே.

வாசற்படியில் உட்கார்ந்து அக்கா டிபன் பாக்ஸைத் திறந்தாள். ரொட்டி, அவித்த முட்டை, காய். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் கை தயங்கியது.

“இவ்வளவும் சாப்பிடலாமாடா?”

“சாப்பிடுக்கா.”

வழித்துச் சாப்பிட்டாள். கடைசி வாயை விழுங்குவதற்குள் எழுந்தும்விட்டாள்.

“மணி பாத்துக்கோ. ஒரு மணி நேரத்துல குழாய் இருக்கிற இடத்துல நிக்கணும்” என்று சொல்லிக்கொண்டே நடக்கத் தொடங்கினாள். டிபன் பாக்ஸை மூடியும் மூடாமலும் மாமா பின்னால் ஓடினார்.