உச்சி வெயிலில் நிற்கும் மோட்டார்கள்

செஞ்சிக்குப் போகவேண்டும் என்று எனக்கு வேண்டுதல் எதுவும் இல்லை. சோலார், பேட்டரி என்று தொடங்கப்படும் சிறு நிறுவனங்களில் முதலீடு செய்வது என் தொழில். பதினோரு வருடமாகச் செய்கிறேன். அவற்றில் ஒன்றைக் கௌதமி என்ற இளம் பொறியாளர் நடத்துகிறார். செஞ்சியை அடுத்த அனந்தபுரம் பக்கம் விவசாயிகளுக்குச் சோலார் பம்புசெட் போட்டுத் தருகிறார். வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் அந்த மோட்டார்கள் ஓடுவதே இல்லை என்று என் போனுக்கு வரும் கணக்கு காட்டியது. அடுத்த தவணைப் பணத்துக்குத் திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போடாவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான். 'முடியாது' என்று கடிதமும் எழுதி வைத்துவிட்டேன். அனுப்புமுன் ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். கோட்டையையும் பார்த்த மாதிரி இருக்கும்.

கிளாம்பாக்கத்தில் காலை 5.15க்குப் பேருந்து, 8.20க்குச் செஞ்சி. இட்லி, வடை, காபி 70 ரூபாய். ஆட்டோக்காரர் பாஷா கோட்டை, அனந்தபுரம், காத்திருப்பு எல்லாம் சேர்த்து 900 ரூபாய் கேட்டார். பேரம் பேசிப் பார்த்தேன், மனிதர் அசையவில்லை.

ஒன்பது மணிக்குக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறத் தொடங்கி 10.20க்கு உச்சியில் இருந்தேன். காற்று அருமை, முழங்கால் மோசம். அடிவாரத்துக் குளங்களை ஒரு போட்டோகூட எடுக்காமல் கடந்தேன். மனமெல்லாம் அந்தக் கடிதத்தில் இருந்தது.

"கோட்டைக்கு வர்றவங்க யாரும் அனந்தபுரம் போகச் சொல்ல மாட்டாங்க. அங்க இன்னா சார் இருக்குது?" என்றார் பாஷா. மோட்டார் பார்க்கப் போகிறேன் என்றதும், பாவம், என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

12.30க்கு, கௌதமியிடம் பம்புசெட் போட்டுக்கொண்ட செல்வியின் கத்திரித் தோட்டம். பேனல்கள் தகதகத்தன, மோட்டாரில் சத்தமே இல்லை. கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று மட்டும் செல்வியிடம் சொன்னேன்.

"மோட்டார் ரிப்பேராம்மா?"

"ரிப்பேரெல்லாம் இல்ல சார், நல்லாத்தான் இருக்குது. நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்."

"இவ்வளவு வெயில் அடிக்கும்போதா?"

"அதனாலதான். இந்தப் பைப்பத் தொட்டுப் பாருங்க."

தொட்ட வேகத்தில் கையை இழுத்துக்கொண்டேன்.

"வயல் முழுக்க வெயில்ல கெடக்குற பைப்பு, இந்தத் தண்ணிய உட்டா வேரு வெந்துடும் சார். விடிகாலைல பாய்ச்சணும், இல்லன்னா பொழுது சாயறப்ப. அப்ப வெயில் பத்தாம மோட்டாரு சொட்டு சொட்டா ஊத்துது."

"பகலில் ஒரு தொட்டியில் நிரப்பி ஆறவைத்து, பொழுது சாய்ந்ததும் பாய்ச்சலாமே" என்றேன், ஏதோ நானே கண்டுபிடித்ததுபோல.

செல்வி வயல் மூலையைக் காட்டினார். அங்கே நான்கு முளைக்குச்சிகள். "அதுக்குத்தான் கௌதமிப் பொண்ணு அளவெடுத்து அடிச்சுட்டுப் போச்சு. அப்புறம் மெட்ராஸ்ல யாரோ பெரியவரு வேணாம்னுட்டாராம். அவரப் பாத்தீங்கன்னா ஒரு வார்த்த சொல்லுங்க."

"சொல்றேம்மா" என்றேன். அந்தப் பெரியவர் நான்தான். கௌதமி கொடுத்த திட்டத்தில் 'தொட்டி' என்ற வரியை அடித்துவிட்டு, "கொத்தனார் வேலைக்கு நான் முதலீடு செய்வதில்லை" என்று பக்கத்தில் எழுதியிருந்தேன். கூட்டத்தில் அதைப் படித்தபோது எல்லோரும் சிரித்தார்கள், கௌதமியைத் தவிர. வயலில் நின்றபோது வெட்கமாக இருந்தது.

ஆட்டோவிலிருந்தே கௌதமியைக் கூப்பிட்டேன். "ஏம்மா, தொட்டி வேணும்னு திரும்பக் கேட்டிருக்கலாமே?"

"இன்னொரு வாட்டி கேட்டா மொத்தத்தையும் நிறுத்திடுவீங்கன்னு பயமா இருந்துச்சு சார்."

அவர் பயந்தது சரிதான். நான் நிறுத்தியிருப்பேன். திரும்பும் வழியில் கோட்டைக் குளத்தருகே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். கோட்டை கட்டியவர்கள் தண்ணீரைத் தேக்கி வைக்க யாரிடமும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள்.

போகிறவர்களுக்கு: ஒன்பது மணிக்கே ஏறிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். குரங்குகள் இருக்கின்றன, தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். என் தொழில்காரர்களுக்கு மட்டும் இன்னொன்று: போனில் பார்த்ததை வயலில் உச்சி வெயிலில் போய்த் தொட்டுப் பாருங்கள்.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டேன், தொட்டியோடு. அந்தப் பெரியவர் யார் என்று மட்டும் செல்விக்கு இன்னும் தெரியாது. தொட்டி நிறையும் நாளில் போய்ச் சொல்லவேண்டும். அதற்கும் இதே 5.15 பேருந்துதான்.