முதுகுக்குப் பின்னால் இளமஞ்சள் சுவர்

இருக்கிற வெயில் போதாதென்று என் அண்ணனுக்கு வீட்டுக்குள்ளும் கொஞ்சம் கதகதப்பு தேவைப்பட்டது. திண்டுக்கல்லில் சித்திரை மாதம் கதவைத் திறந்தாலே முகத்தில் அனல் அடிக்கும். இவரோ கைப்பேசியில் யாரோ தன் வீட்டைச் சுற்றிக் காட்டியதைப் பார்த்துவிட்டு, "ஹாலுக்கு இளமஞ்சள்தான். உள்ள வந்ததும் மனசுக்கு இதமா இருக்கும்" என்று முடிவு கட்டிவிட்டார்.

எங்கள் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பது சாக்கு. வந்த வரன்களை எல்லாம் தட்டிக் கழித்தவள், கன்னிவாடிப் பையனின் போட்டோவைப் பார்த்துத்தான் முதல்முறையாக, "சரி, வரச் சொல்லுங்க" என்றிருந்தாள். அதில் எனக்கு அம்புட்டு சந்தோஷம். பலகாரம் செய்ய முதல்நாளே சாணார்பட்டியிலிருந்து பஸ் ஏறிவிட்டேன்.

வந்து பார்த்தால், டியூப்லைட் வெளிச்சத்தில் சுவர் பருப்புத் தண்ணீர் போல இருந்தது. சொன்னேன். எனக்கு ரசனை இல்லையாம். ஆணி அடிக்கக் கூடாது என்பதால் தினசரி காலண்டர் கேஸ் சிலிண்டர் மேல் கிடந்தது. நல்ல நேரம் பார்க்க அம்மா அடுப்படிக்கு ஓடினாள். சோபா சுவரைத் தொடாமல் ஒரு முழம் தள்ளி நின்றது. உட்கார்ந்தால் முழங்கால் டிவி மேசையில் இடிக்கும். சுவருக்காக மனிதர்கள் ஒடுங்கி வாழப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். சோபாவில் இடம் போதாமல் பையனின் பெரியப்பா பாயில் உட்கார்ந்தார். பூத்தோட்டத்தில் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போன மனிதர். தலையில் வழிய வழிய எண்ணெய். அப்பாடா என்று சுவரில் சாய்ந்தார். அண்ணன் முகம் வெளிறிவிட்டது.

"ஐயா, செத்த முன்னால தள்ளி உக்காருங்க. பெயின்ட் புதுசு."

பெரியவர் பதறித் தோள்துண்டை எடுத்துப் பார்த்தார். "ஈரமா இருக்கா அப்பு?"

"காஞ்சிருச்சுங்கய்யா. எண்ணெய்க் கறை பட்டா போகாது."

சொன்னதோடு விட்டாரா? பழைய பேப்பரை விரித்து அவர் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே தலை உயரத்துக்குச் செருகினார். கேசரித் தட்டோடு நின்ற எனக்குக் கூசிப்போயிற்று. பெரியவர் அதற்குப் பிறகு சாயவே இல்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு, கலந்து பேசிச் சொல்லி அனுப்புவதாகக் கூறி எழுந்துவிட்டார்கள்.

சொல்லி அனுப்பினார்கள். "வந்தவுக முதுகுக்குப் பேப்பர் வைக்கிற வீட்டுல நாளைக்கு எங்க பிள்ளைக்கு என்ன மரியாதை இருக்கும்?"

அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. "பட்டிக்காட்டுச் சம்பந்தம், தப்பிச்சோம்" என்று சொல்லிக்கொண்டே டார்ச் அடித்துச் சுவரைத் தடவிப் பார்த்தார். கறை எதுவும் இல்லை என்றதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோது, கூடப்பிறந்தவன் என்றும் பாராமல் அறையலாம் போல இருந்தது எனக்கு.

அன்று சாயங்காலம் தங்கை தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு வந்து, பெரியவர் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் சுவரோடு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஏய், எந்திரி" என்றார் அண்ணன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் இங்கனதான இருக்கப்போறேன். எனக்கும் ஒரு பேப்பர் எடுத்துட்டு வாண்ணே."