ரிசிகாத்துக்குக் கிடைத்த ஜட்ஜ்

அபேகேவுக்கு ரிசிகாத்தைக் கண்டால் ஆகாது என்று ஊர் சொல்லும். சுத்தப் பொய். ரிசிகாத்தைக் காணாவிட்டால்தான் அவளுக்கு ஆகாது. அவள் என்ன உடுத்தினாள், என்ன விற்றாள், யார் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று தெரியாத நாளில் அபேகேவுக்கு ஒரு வாய் சோறு இறங்காது.

இபாதான் நகரத்துக்குப் போகும் சாலையில் இருக்கும் எங்கள் ஊர்ச் சந்தையில் இருவருக்கும் அடுத்தடுத்த கடை. அபேகே துணிக்கு அவுரிச் சாயம் போட்டு விற்பவள். ரிசிகாத் மிளகாய் அரைக்கும் மெஷின் வைத்திருந்தாள். இருவரும் புருஷனை இழந்தவர்கள். இருவரின் நிலத்தையும் கொழுந்தன்மார் அமுக்கிக்கொண்டார்கள். ஒரே மழைக்காலத்தில் இருவரும் கேஸ் போட்டார்கள். கோர்ட் வாசலுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருக்கும் நான்தான் இரண்டு பேருக்கும் மனு அடித்துக் கொடுத்தேன். ரிசிகாத்தின் கேஸ் இரண்டாம் ஹாலுக்குப் போனது, அபேகேவின் கேஸ் முதல் ஹாலுக்கு.

இரண்டாம் ஹால் ஜட்ஜ் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. முதல் ஹால் ஜட்ஜ் நல்ல மனுஷர், ஆனால் ஆமை. சாட்சி சொல்வதை எங்கள் ஜட்ஜுகள் தங்கள் கையாலேயே எழுதுவார்கள். இவரோ எழுதி, படித்து, அடித்து, மறுபடி எழுதுவார். அபேகேவின் கேஸில் வாதமெல்லாம் முடிந்து தீர்ப்பைத் தள்ளிவைத்தார். மூன்று மாதத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஒரு வருஷம் தாண்டியும் மூச்சு இல்லை.

ரிசிகாத் அதற்குள் ஜெயித்துவிட்டாள். நிலம் கைக்கு வந்து ஒரு போகம் கண்டதும் விருந்து வைத்தாள். பந்தல், மேளம், ஆட்டுக்கறி, எல்லோருக்கும் ஒரே துணி. விசேஷ வீட்டார் ஒரு துணியைத் தேர்ந்தெடுத்தால் வேண்டியவர்கள் காசு கொடுத்து வாங்கித் தைத்துப் போட்டுக்கொண்டு வரவேண்டும். வாங்காதவள் பகையாளி. அபேகேவும் வாங்கினாள். விருந்து முடிந்து அந்த மஞ்சள் லேஸ் உடையோடு நேராக என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"பாருங்க தைவோ அம்மா, என் வயித்தெரிச்சலை நானே காசு குடுத்து வாங்கித் தச்சுப் போட்டிருக்கேன்!"

"போடாம இருந்திருக்கலாமே."

"போடலேன்னா பொறாமைன்னு சொல்லுவாளுங்க."

"பொறாமை இல்லையா?"

"இருக்கு. இருக்கட்டுமே! அவ தலை மட்டும் நல்ல தலை, என் தலை என்ன மண்ணாங்கட்டியா?"

அப்போது பார்த்து கோர்ட் சேவகன் ஜிமோ உள்ளே வந்தான். அவன் வாயில் நாக்கு நிற்காது. "உங்க ஜட்ஜ் கெட்டிக்காரர் அக்கா. எத்தனை தீர்ப்பு பாக்கின்னு மூணு மாசத்துக்கொரு தடவை தலைநகரத்துக்கு ரிப்போர்ட் அனுப்பணும்ல? பாக்கி எதுவுமே இல்லைன்னு எழுதி அனுப்பிட்டாரு."

அபேகே எழுந்துவிட்டாள். "பாக்கி இல்லையா? அப்ப நான் படியேறினதெல்லாம் கனவா? அம்மா, மெஷினைப் போடுங்க. புகார் அடிங்க."

"அடிக்கிறேன். அவரு பண்ணினது தப்புதான்" என்றேன். "ஆனா உன் தீர்ப்பைத்தான் இப்ப எழுதிட்டிருக்காருன்னு இதே ஜிமோதான் நேத்து சொன்னான். ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்கக் கூடாதா?"

"அவ சோளமே அறுத்துட்டாம்மா! காலையில சிரிச்சுக்கிட்டே நாலு கதிர் குடுக்கறா."

"நீ என்ன பண்ணினே?"

"வாங்கினேன். வேகவச்சுத் தின்னேன். அவ்வளவு இனிப்பு. அதைத்தான் தாங்க முடியலை."

புகார் போனது. தலைநகரத்து ஆட்கள் வந்து அலமாரிகளைத் திறந்தார்கள். பாக்கி இல்லை என்று எழுதியிருந்தவரின் அறையில் கட்டுக் கட்டாகப் பாக்கி. தாமதத்துக்கும் பொய் ரிப்போர்ட்டுக்கும் சேர்த்து அவரைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். ரேடியோவில் அதைக் கேட்டு அபேகே என் கடையிலேயே ஆடினாள். அவருடைய கேஸ்களெல்லாம் இரண்டாம் ஹாலுக்குப் போகின்றன என்று தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"ரிசிகாத்தோட ஜட்ஜு அம்மா! அவளுக்குக் கிடைச்ச அதே ஜட்ஜு எனக்கு!"

அன்றைக்கே சாயப்பானையை நிரப்பினாள். தீர்ப்பு நாளுக்கு ஊரே உடுத்த, இருட்டு நீலத்தில் தன் கையாலேயே துணி முக்கினாள். முதல் துணியை ரிசிகாத்திடம்தான் கொண்டுபோனாள், விலையைக் கூட்டித்தான் சொன்னாள். ரிசிகாத் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டாள். அதற்கும் அபேகேவுக்குக் கோபம்.

புது ஹாலில் முதல் நாள் ஜட்ஜ் சொன்னார்: "நான் கேட்காத சாட்சியை வச்சு நான் தீர்ப்பு எழுத முடியாது. கேஸ் முதல்லேருந்து நடக்கும். சாட்சியைக் கூப்பிடுங்க."

எங்கள் கோர்ட் வழக்கம் அது. எனக்குத் தெரியும். அவள் ஆடிய ஆட்டத்தில் எனக்கே அது ஞாபகம் வரவில்லை.

சாட்சி யார்? அவள் புருஷன் நிலத்துக்குப் பணம் கொடுத்ததைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள், கொத்தனார் லசிசி. அவர் பழைய ஹாலில் கணீரென்று சாட்சி சொன்னவர். தீர்ப்புக்குக் காத்திருந்த அந்த வருஷத்தில், புழுதிக்காற்றுக் காலத்தில் இருமி இருமிச் செத்துப்போனார். பழைய ஜட்ஜ் கைப்பட எழுதியதை வக்கீல் எடுத்து நீட்டினார்.

"இவர் முகத்தை நான் பார்க்கலை. எதிர்த்தரப்பு என் முன்னால இவரைக் குறுக்குக் கேள்வி கேக்கலை" என்றார் ஜட்ஜ். "இதை நான் ஏத்துக்க மாட்டேன்."

வக்கீல் வாய்தா கேட்டார். இரண்டாம் ஹாலில் வாய்தா கிடையாது. அபேகே பொறாமைப்பட்டது அந்த வேகத்தைப் பார்த்துத்தானே!

தீர்ப்பு நாளில் சந்தையே நீலத்தில் வந்து நின்றது. வாசலில் மேளக்காரர்கள் தயாராக இருந்தார்கள். ஜட்ஜ் கடகடவென்று படித்தார். நிலத்தை வாங்கியதற்குச் சாட்சி இல்லை, வழக்குத் தள்ளுபடி.

அபேகே வெளியே வந்தாள். விஷயம் தெரியாத மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ரிசிகாத்தான் ஓடிப்போய்க் கையைக் காட்டி நிறுத்தினாள். திரும்பி வந்து அபேகேவின் கையைப் பிடித்தாள்.

"வா அக்கா, வீட்டுக்குப் போலாம்."

அபேகே அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தோளில் படிந்து, இடுப்பில் நின்று, அந்த நீலம் ரிசிகாத்துக்கு அப்படிப் பொருந்தியிருந்தது.

"என் துணிகூட உன் மேலதாண்டி நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கோர்ட் படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.