செல்லாத சீட்டைச் செல்லும் என்றவள்

எங்கள் கயானி ஊர் பந்தயத் திடலில் இர்யா தொலோனென் மீது பாதிப் பேருக்குக் கடுப்பு, மீதிப் பேருக்குப் பயம். பத்தொன்பது வருடமாக அவள்தான் தலைமை நடுவர். பகலெல்லாம் நகராட்சிப் பள்ளியில் உருளைக்கிழங்கு வேகவைக்கிற சமையல்காரி. சனிக்கிழமை மஞ்சள் அங்கியைப் போட்டுவிட்டால் சொந்த அண்ணனையும் தெரியாது அவளுக்கு. முப்பது வருடப் பழக்கம் எங்களுக்குள். திடலில் காப்பியும் சுட்ட சாசேஜும் விற்கிற இந்தச் செயியாவுக்கே, கடைக் கூரை நுனி பாதுகாப்புக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் நீட்டியிருந்தது என்று எச்சரிக்கைக் கடிதம் எழுதினாள். அதைக் கொடுத்துவிட்டு, அதே கையால் காப்பி வாங்கிக் குடித்தாள்.

எங்கள் பந்தயம் ஏழைகளின் பந்தயம். காயலான் கடைக்குப் போகவேண்டிய வண்டிகளை ஒட்டுப் போட்டு, சரளைத் தடத்தில் இடித்துக்கொண்டு ஓட்டுவோம். பணக்காரன் வந்து காசைக் கொட்டி ஜெயித்துவிடக் கூடாது என்பதற்கு ஒரு சட்டம் உண்டு. பந்தயம் முடிந்த அரைமணி நேரத்துக்குள், பந்தய உரிமம் உள்ள எவனும் எந்த வண்டியையும் விலைக்குக் கேட்டுச் சீட்டு எழுதிப் போடலாம். ஜெயித்த வண்டிக்கும் தோற்ற வண்டிக்கும் ஒரே விலை, அதுவும் அடிமாட்டு விலை. பலபேர் கேட்டால் குலுக்கல். சீட்டு விழுந்தவனுக்கு வண்டியைக் கொடுத்தே ஆகவேண்டும். மறுத்தால் உரிமம் போச்சு. வாங்குகிறவன் பின்வாங்கினாலும் அதே கதி. யார்தான் பிறகு தங்கத்தால் இழைப்பான்?

சட்டத்துக்குப் பக்கத்திலேயே எழுதாத வழக்கம் ஒன்றும் வளர்ந்திருந்தது. நல்ல வண்டி வைத்திருப்பவனுக்காக அவன் கூட்டாளிகளும் சீட்டுப் போடுவார்கள். அவர்களில் ஒருவனுக்கு விழுந்தால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். அந்தக் கோடையில் இர்யாவின் மகன் யார்க்கோவின் நாற்பத்தொன்றாம் எண் வண்டி அப்படி நான்கு முறை தப்பியது.

யார்க்கோவைப் பற்றிச் சொல்லாமல் தீராது. காகித ஆலை மூடியபோது வேலை போனது. அடுத்த வருடம் பெண்டாட்டி போனாள். மூன்று வருடம் குடித்தான். ஒரு பிப்ரவரிக் காலையில் பனியில் கிடந்தவனை இர்யாதான் இழுத்துக்கொண்டு வந்தாள். இடது கையில் இரண்டு விரல் நுனிகளை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் எவன் கொட்டகையிலோ கோழி அடைந்து கிடந்த அந்த டொயோட்டாவை வாங்கி வந்தான். இருபத்திரண்டு மாதம் அதன் அடியிலேயே கிடந்தான், ஒரு சொட்டுக்கூடத் தொடாமல். "கை சும்மா இருந்தா குப்பியத் தேடுதும்மா" என்று அவனே சொன்னானாம். இன்னொரு வண்டி கட்டிக்கொள்ளட்டுமே என்பீர்கள். குடியை விட்டவன் வீட்டில் இருந்திருந்தால் கேட்கமாட்டீர்கள். வண்டி போனால் மகன் போனான் என்பது இர்யாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

செப்டம்பரில் அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். விடாத தூறல், முட்டிவரை சேறு. இறுதிச் சுற்றில் யார்க்கோ முதலில் வந்தான். நான்கு கூட்டாளிகளும் சீட்டு எழுதிப் போட்டார்கள். ஐந்தாவது சீட்டு தேய்யோ ரௌத்தியோ என்பவனுடையது. வடக்கே ஔலு பக்கத்திலிருந்து வந்தவன், நல்ல வண்டியாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போகிறவன்.

நான் நடுவர் அறைக்குக் காப்பி கொண்டுபோயிருந்தேன். இர்யாவும் அவள் உதவியாளர் ஒஸ்மோவும் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒஸ்மோ ஒரு சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இர்யா, இதப் பாரு. நாப்பத்தேழுன்னு எழுதி அதும்மேலயே நாப்பத்தொண்ணுன்னு திருத்திருக்கான். பக்கத்துல கையெழுத்துக் காணோம். செல்லாது."

சந்தேகமே இல்லாத சட்டம் அது. திருத்தினால் பக்கத்தில் கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் சீட்டு குப்பை. போன வருடம் இதே தப்புக்கு ஒரு கிழவருடைய சீட்டை இர்யா கிழித்துப் போட்டாள். மனுஷன் அழாத குறை.

சீட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தாள் இர்யா. ஜன்னலுக்கு வெளியே முப்பது நாற்பது பேர் குடையோடு நின்றார்கள்.

"எண்ணு தெளிவாத்தான இருக்கு" என்றாள். "செல்லும். போடு."

"போன வருஷம்..."

"போன வருஷம் எம் பையன் வண்டி இல்ல. இதக் கழிச்சா அம்மாக்காரி கழிச்சான்னு ஊரே காறித் துப்பும். போடுங்கறேன்ல."

எனக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருக்கலாம். காப்பிக் குடுவையைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். என்னையும் நான் மன்னிக்கவில்லை.

மூன்றரைக்கு ஒஸ்மோ எல்லாருக்கும் முன்னால் டப்பாவைக் குலுக்கி ஒரு மர உருண்டையை எடுத்தார். மூன்று. ரௌத்தியோவின் சீட்டுக்குக் கொடுத்திருந்த எண்.

யார்க்கோ சத்தம் போடவில்லை. வண்டியின் மூக்கில் ஒட்டியிருந்த சேற்றைக் கையால் வழித்துவிட்டு, ரௌத்தியோவோடு கைகுலுக்கினான். "ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பண்ணும். அடிச்சுப் போடாதீங்க, தடவிப் போடுங்க" என்றான். ரௌத்தியோ தொப்பியைக் கழற்றி நன்றி சொன்னான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவன் அப்படி இல்லை.

ஒஸ்மோவுக்கு மனம் கேட்கவில்லை. சீட்டுகளை அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டு யார்க்கோவைக் கூப்பிட்டுக் காட்டினார். ஓட்டுநர் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் குலுக்கல் ரத்தாகும். நான்கு மணிவரை நேரம், அதுவும் ஓட்டுநர் மட்டும்தான் கொடுக்கமுடியும். யார்க்கோ பலகைக்கு முன்னால் நின்று படித்தான். பிறகு என் கடைக்கு வந்து காப்பி கேட்டான். சர்க்கரை போட மறந்து குடித்தான்.

நடுவர் அறை ஜன்னல் என் கடைக்கு நேர் எதிரே. இர்யா மேசைமேல் ஆட்சேபப் படிவத்தையும் பேனாவையும் எடுத்து வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் புரிந்தது எனக்கு. மகன் தன்மேல் புகார் எழுத வருவான் என்று காத்திருக்கிறாள். அதுதான் அவள் போட்ட கணக்கு. தன் கையால் காப்பாற்றினால் பழி வரும், அவனே கேட்டுக் காப்பாற்றிக்கொள்ளட்டும்! இப்படி ஒரு கணக்கைப் போட இர்யாவால் மட்டும்தான் முடியும்.

மூன்றே முக்காலுக்கு அவள் வெளியே ஓடினாள். ரௌத்தியோ வண்டியை இழுவையில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள். "கெஞ்சிக் கேக்குறேன்."

"அம்மா, நீங்கதான செல்லும்னீங்க? இப்ப நான் பின்வாங்கினா ஒரு வருஷம் என் உரிமத்தப் பிடுங்குவீங்க. உங்க கையாலயே எழுதுவீங்க. மாட்டீங்களா?"

அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. பொய் சொல்ல வராத ஜென்மம்.

அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தாள். கையில் படிவம், மழையில் நனைந்து மடங்கியிருந்தது.

"எழுதுடா" என்றாள். "பத்து நிமிஷம் இருக்கு. கையெழுத்து மட்டும் போடு, மிச்சத்த நான் எழுதிக்கறேன்."

"என்னன்னு எழுத? எங்கம்மா தெரிஞ்சே தப்பு பண்ணினான்னா?"

"ஆமா. அப்படியே எழுது."

"எழுதினா உன்னத் தூக்கிருவாங்க. பத்தொம்போது வருஷம் கழிச்சு, திடல்ல தலை காட்ட முடியாது உனக்கு."

"தூக்கட்டுமே! மயிராப் போச்சு!" இர்யா வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. "எனக்கு நீ வேணும்டா."

"அப்போ அந்தச் சீட்ட ஏம்மா கிழிக்கல?"

நான் குறுக்கே விழுந்தேன். "டேய் யார்க்கோ, ரோஷம் பாக்குற நேரமாடா இது? போடுடா கையெழுத்த!"

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. "கைகுலுக்கிட்டேன் அக்கா. குலுக்கிட்டு வந்து புகார் எழுதறவன் இல்ல நான். அதுவும் பெத்தவ மேல."

இர்யா பேனாவை அவன் கைக்குள் திணித்தாள். அந்த வெட்டுப்பட்ட விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பேனாவைப் பிடிக்கவைக்கப் பார்த்தாள். சிறு பிள்ளைக்கு எழுத்துப் பழக்குகிற மாதிரி. அவன் விலக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. ஒஸ்மோ அறை வாசலில் நின்று நான்கு மணி என்று அறிவித்தார். ரௌத்தியோவின் இழுவை வண்டி வாயிற்கதவைத் தாண்டிப் போனது.

அதன் பிறகு நடந்ததை இர்யா மறுவாரம் என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. யார்க்கோவைக் காணாமல் தேட ஆரம்பித்து மூன்று நாளாயிருந்தது அப்போது.

எல்லாவற்றையும் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது ஐந்தரை. அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டான். கடைத்தெரு வந்ததும் மதுக்கடையின் விளக்கு தெரிந்தது. சனிக்கிழமை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். மூட இன்னும் பத்து நிமிடம்.

"இங்க நிறுத்தும்மா."

"வேணாண்டா. வீட்டுக்குப் போலாம். காளான் சூப்பு வச்சிருக்கேன், சூடு பண்ணாப் போதும்."

"நிறுத்தும்மா."

"யார்க்கோ, இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும். நாளைக்குப் பேசிக்கலாம்."

அவன் குரலை உயர்த்தவே இல்லையாம். "யாருன்னே தெரியாத ஒருத்தனுக்காகச் சட்டத்தையே வளைச்ச. எனக்காக வண்டிய நிறுத்தக்கூடாதாம்மா?"

இதைச் சொல்லிவிட்டு இர்யா என் மேசை விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"நீ என்னடி பண்ணின?"

"நிறுத்தினேன், செயியா" என்றாள். "கதவு அவனுக்குத் திறக்க வரல. சேறு ஏறிக் கெட்டிச்சிருந்துது. நான்தான் எறங்கிப் போய்த் திறந்துவிட்டேன்."