டீ குடித்து வந்தால் மணல் வரும்

ஆற்றில் மணல் தோண்டும் உத்தியோகத்தில், காலையில் வெட்டிய குழி சாயங்காலம் இருக்காது. வெட்டினோம் என்று மேலதிகாரியை நம்பவைப்பதுதான் மிச்ச வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை. யமுனையில் குடிநீர் உறிஞ்சும் குழாயின் வாயை மணல் மூடிக்கொண்டது. அதை ஒரு வாரத்தில் திறக்க வேண்டிய எஞ்சினியர் நான். அந்த வாரம் வாளியோடு டேங்கர் வரிசையில் நின்ற தில்லிவாசிகளே, உங்கள் சாபம் எனக்குக் கேட்டது. என் மனைவியும் சரோஜினி நகர் வரிசையில்தான் நின்றாள்.

கூட்டு, இன்னும் கூட்டு

மிதவையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி மணலைக் கலக்குவோம். கலங்கியதைப் பம்பு உறிஞ்சிவிடும். முதல் நாள் மேல்மணல் சர்க்கரை மாதிரி கரைந்து போயிற்று. அடேயப்பா, தண்ணீருக்குத்தான் என்ன பலம்! மறுநாள் இறுகிய அடிமணல் வந்தது. வேகத்தை இரட்டித்தால் மணலும் இரட்டிப்பாகப் பெயரும் என்பது என் கணக்கு. மூன்று நாள் "கூட்டு, கூட்டு" என்று கத்தினேன். டீசல்தான் தீர்ந்தது. பம்பு ஓட்டிய செல்வராஜ், தில்லித் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்காரர், பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க கத்துனா நாங்க பயப்படுவோம் சார், மணல் பயப்படுமா?"

எஞ்சினை நிறுத்திய மனுஷன்

ஐந்தாம் நாள் அவர் மணல்மேட்டின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு வெட்டு மட்டும் வெட்டிவிட்டு, எஞ்சினை அணைத்தார். மூங்கில் கழியை விட்டுப் பார்த்தேன். தண்ணீருக்கடியில் மணல் சுவராக நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தால், சுவர் ஓரடி பின்னால் போயிருந்தது! உதிர்ந்த மணல் தானாகச் சரிந்து பம்பின் வாயருகே வந்து குவிந்திருந்தது.

இறுகிய மணல் பிரிய வேண்டுமென்றால் பருக்கைகளுக்கு நடுவே தண்ணீர் நுழைய வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அவசரப்படுத்தினால் இன்னும் இறுகிக்கொள்ளும். பரீட்சைக்குப் படித்ததை நான் மறந்திருந்தேன். செல்வராஜ் தினமும் ஆழம் பார்க்கும் கழியின் ஆட்டத்திலேயே அதைக் கண்டுபிடித்திருந்தார். கும்பிடத் தோன்றியது. அவரோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அச்சா, வாங்க சார், டீ குடிச்சிட்டு வருவோம். அதுவும் மூச்சு விடணும்ல?" என்றார்.

வாளி நிறைந்த காலை

ஏழாம் நாள் குழாய் திறந்தது. அறிக்கையின் முதல் வரியிலேயே செல்வராஜின் பெயரை எழுதினேன். வீட்டில் சமையலறைக் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. மனைவியிடம் டீ கதையைப் பெருமையாக அளந்தேன். நிறைந்த வாளியை நகர்த்திவிட்டு நிமிர்ந்தாள். "முதல் நாளே அவரோட போய் டீ குடிச்சிருந்தா, நான் இத்தனை நாள் வாளி தூக்கியிருக்க வேண்டாமே!"

அன்றிலிருந்து ஆற்றிலும் சரி, வீட்டிலும் சரி, நான் குரலை உயர்த்துவதற்கு முன்னால் ஒரு டீ குடித்துவிடுகிறேன்.