கேள்வித்தாளோடு சண்டை போட்டவள்

என் மருமகளுக்குக் கால் ஓர் இடத்தில் தரிக்காது. வயது முப்பத்து நாலு ஆகிறது, இன்னும் நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள், நடந்துகொண்டேதான் தலை வாருவாள். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, கல்லூரி நுழைவுத் தேர்வு என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

அவளுக்குப் பால் நிலையத்தில் வேலை. விடிந்ததும் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொரு கேனிலிருந்தும் கொஞ்சம் பாலை மொண்டு, பால்மானி என்கிற கண்ணாடிக் குழாயை அதில் மிதக்கவிட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பாள். ஆழமாக அமிழ்ந்தால் தண்ணீர் கலந்த பால். பதினோரு வருடமாக இதுதான். உள்ளே கண்ணாடி அறையில் சோதிக்கிறவர்கள் தப்பாகச் சொன்னதை இவள் இரண்டு முறை கண்டுபிடித்தாள். இரண்டு முறையும், "நீ படிச்சவளா?" என்று ஒரே கேள்விதான் வந்தது. அந்தக் கேள்விதான் இவளைக் கிளப்பிவிட்டது.

தேர்வு எழுதி, மற்ற எல்லாப் பாடத்திலும் தேறினாள். அறிவியலில் நாற்பதுக்குக் குறைந்தது இருபது வேண்டும், இவளுக்குப் பதினாறு. முப்பத்தைந்து ஆகிவிட்டால் கல்லூரியில் சேர்க்க மாட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு தடவை.

எனக்கு எழுத்துத் தெரியாது, எண்ணத் தெரியும். அவள் விடைத்தாளின் நகலைப் பார்த்தேன். கறுப்பாக நிரப்பிய வட்டங்களுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று பதினொரு வட்டங்கள்.

"ஏம்மா, கடைசிப் பதினொண்ணும் ஏன் வெறுமனே கிடக்கு? தெரியலையா?"

"நேரம் இல்ல அத்தை."

"மத்தவங்களுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு நேரம்?"

முதலில் மழுப்பினாள். பிறகு மூக்கு விடைக்கக் கொட்டித் தீர்த்தாள்.

"பாலைப் பத்தி ஒரு படம் அத்தை. வெளியில வெச்சா எத்தனை மணி நேரத்துல புளிக்கும்னு. எட்டு மணி நேரம்னு கோடு போட்டிருக்கான். எட்டா? வெயில்ல நாலு மணி நேரத்துல நாறிப்போகுது! எங்கேயாவது கவனிக்காம விட்டுட்டேனான்னு திரும்பத் திரும்பப் பார்த்தேன். கடைசியில எது நிஜமோ அதையே நிரப்பினேன். நாலு கேள்வி. நாலும் போச்சு."

மொத்தமே முப்பத்தைந்து நிமிடம். அதில் பத்து நிமிடம், வாயில்லாத தாளோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். எனக்கும் ரோஷம் வந்தது. "நீ பண்ணினதுதான் சரி. நானா இருந்தா அந்தப் படத்தையே அடிச்சிருப்பேன்" என்றேன்.

"நல்ல ஜோடி போங்க ரெண்டு பேரும்" என்று என் மகன் வெளியே போய்விட்டான்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. தலையணை பருமனுக்கு ஒரு புத்தகம் வாங்கிவந்து, மதியம் வேலை முடிந்து வந்ததும் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தபடியே மனப்பாடம் பண்ணினாள். மூடிய தண்ணீர்க் குழாயை மறுபடி மூடினாள், மடித்த துணியைப் பிரித்து மடித்தாள். வாரம் ஒருநாள் கடிகாரத்தை எதிரில் வைத்து மாதிரித் தேர்வு. பதினாறு. பதினைந்து. பதினேழு. நான் மதிப்பெண்ணைக் கேட்கவே மாட்டேன், வெள்ளை வட்டங்களை எண்ணிப் பார்ப்பேன். பத்துக்குக் குறையவே இல்லை.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஹாரன் கொண்டுவந்த பாலில் பால்மானி ஆழமாக அமிழ்ந்தது. ஹாரன் என்பது ஒரு வண்டி ஓட்டுநரின் பட்டப்பெயர். தெருமுனையிலேயே ஹாரன் அடிக்க ஆரம்பித்து, வண்டி நின்ற பிறகும் ஒன்று அடிப்பான். அதனால் அந்தப் பெயர்.

"அக்கா, சத்தியமா நல்ல பால். கறக்கும்போது பக்கத்துலயே நின்னேன்."

"உங்களுக்கு என்ன தெரியும்னு நான் கேக்கல. கருவி காட்டுறதைத்தான் எழுதுவேன். ஓரமா வைங்க, கடைசியில பார்க்கலாம். வரிசை நிக்கக் கூடாது."

அவன் சிரித்துவிட்டானாம். "இதையேதானே அக்கா அந்தப் பரீட்சைத் தாளும் சொல்லிச்சு? படம் காட்டுறதைத்தானே கேட்டான்? நீங்கதான் பக்கத்துலயே நின்னேன்னு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கீங்க."

நிலையத்தில் எல்லோரிடமும் அந்தப் படத்தைத் திட்டித் தீர்த்திருக்கிறாள், இவனுக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா? அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். உடம்புக்கு என்னவோ என்று பயந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

புத்தகம் பரணுக்குப் போயிற்று. முதலில் கேள்வி, பிறகு படத்தில் அந்த ஒரு கோடு, உடனே வட்டம். சந்தேகம் வந்தால் பென்சிலால் ஒரு புள்ளி, அது ஓரமாக வைத்த கேன். வெள்ளை வட்டம் ஆறாயிற்று, மூன்றாயிற்று. ஒரு வாரம் இருபத்தொன்று எடுத்தாள், அடுத்த வாரமே பத்தொன்பது. மறுபடி நடை.

தேர்வன்று கழுவிய பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருந்தேன். வந்தாள்.

"இரும்பு துருப்பிடிக்கிறதைப் பத்தி ஒரு படம் அத்தை. தப்பாத்தான் இருக்கும்னு தோணுச்சு."

"ஐயையோ!"

"புள்ளி வெச்சுட்டு நகர்ந்துட்டேன். கடைசியில வந்து, அவன் போட்ட கோட்டைப் பார்த்தே நிரப்பிட்டேன். ஒண்ணுகூட வெள்ளையா விடல."

முடிவு வந்த நாளில் அவளுக்கு முன்னால் ஹாரன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, நீங்களே நியாயம் சொல்லுங்க. இருபத்து மூணு. போன்ல பார்த்தாங்க. சிரிக்கக்கூட இல்ல, போனை உள்ள வெச்சுட்டு அடுத்த கேனைத் திறந்தாங்க. என்னோடது. தண்ணின்னுட்டாங்க! சொல்லிக் குடுத்தவனுக்கு இதுதான் மரியாதையா?"

என் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"கலந்தியா, இல்லையா?"

"மழைத்தண்ணி பட்டிருக்கும்மா."

"மழை பேஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு."

அதற்குள் அவளும் வந்துவிட்டாள். வாசலைத் தாண்டும்போதே தலையை அவிழ்த்து வாரிக்கொண்டே நேராக உள்ளே நடந்தாள். அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அந்தப் பால் படம் இன்னும் தப்புதான் அத்தை. காலேஜ்ல சேர்ந்த முதல் நாளே கேக்கப் போறேன்."